யாரும் பயிர் செய்யாத காணி

மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் என் லீக்ஸ் பாத்திக்குப் பக்கத்தில் நின்றது. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு அதன் இரும்புப் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். விடிந்து அதிக நேரம் ஆகவில்லை. டயகமப் பக்கத்து மலைகள் பனிக்குள் இருந்தன. அவர் வாயிலிருந்தும் ஆவி பறந்தது, என் வாயிலிருந்தும் பறந்தது.

நான் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பிப் போய் ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்தேன். காணியை அழிக்க வந்தவனுக்கா தேத்தண்ணி கொடுத்தாய் என்று பிறகு பலர் கேட்டார்கள். அந்தக் குளிரில் ஒருவர் வெறும் ரொட்டியை மென்றுகொண்டிருந்தால் நான் வேறு என்ன செய்வது?

அவர் சிங்களவர், நல்ல வயதானவர். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மே, இது யார் போட்ட மரக்கறி?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நான் போட்டது."

"வெறும் புல் காணி என்றுதானே எனக்குச் சொன்னார்கள்?"

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்து, காணியையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். இடம் சரிதான். தாளைத் திரும்ப மடித்து வைத்தார்.

"எப்போது பிடுங்க வேண்டும்?"

"இன்னும் மூன்று வாரம் போக வேண்டும்."

வெங்காயத் தாளைப் போல வரிசையாக நின்ற லீக்சை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "பத்து மணி வரைக்கும் எஞ்சின் சூடாகவில்லை என்று சொல்லி நிற்பேன். அதற்கு மேல் ஃபோன் வரும்" என்றார்.

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கினேன். அந்தக் காலையைச் சொல்வதற்கு முன்னால், அந்தக் காணி எங்களுக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். இந்தப் பத்திரிகையில் என் கதையை எழுதிவந்த வாரங்களில் அப்பாவைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் நான் எழுதவில்லை.

அட்டை மட்டும் விளைந்த இடம்

அப்பா தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். தேயிலை மலையில் மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் குறுக்கே வாய்க்கால் வெட்டுவார்களே, அதைத்தான் நாங்கள் கான் என்போம். தண்ணீர் எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது என்று அவருக்கு மண்ணைக் காலால் அமுக்கினாலே தெரியும்.

எங்கள் லயத்துக்குக் கீழே இரண்டு மலைகள் சேரும் பள்ளத்தில் ஒரு சதுப்பு நிலம் கிடந்தது. தேயிலை வைத்தால் வேர் அழுகிவிடும். அங்கே விளைந்தது அட்டை மட்டும்தான். அப்போது தோட்டத்தை நிர்வகித்த துரையிடம் ஒரு நாள் பெரட்டுக் களத்தில் வைத்து அப்பா கேட்டார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரம் அது. "அதை வைத்து என்ன செய்யப் போகிறாய்? எடுத்துக்கொள்" என்று துரை சிரித்தாராம். அதற்கு இருந்த பத்திரம் அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

அப்பா பகல் வேலை முடிந்து வந்து, இருட்டும் வரை அந்தச் சேற்றில் நிற்பார். மேட்டு மூலையில் ஒரு பாறைக்கு அடியிலிருந்து கோடையிலும் தண்ணீர் ஊறுவதை அவர் கண்டுபிடித்தார். அந்த ஊற்றை அடைக்க முடியாது, வழிதான் காட்ட வேண்டும் என்று சொன்னார். மார்பளவு ஆழத்தில் ஒரு கான் வெட்டி, இரண்டு பக்கமும் கல் அடுக்கி, மேலே பலகைக் கல் மூடி, அதற்கு மேல் பன்னத் தழை பரப்பி, மண்ணைப் போட்டு நிரவினார். தண்ணீர் யார் கண்ணிலும் படாமல் அடியிலேயே ஓடி ஓடையில் விழுந்தது.

கல் சுமந்தவள் நான். கொழுந்துக் கூடையில் கல்லை வைத்துத் தலையில் கயிறு மாட்டிச் சுமந்தேன். எனக்குப் பத்து வயது இருக்கும். நெற்றிக்கு மேல் கயிறு அழுத்திய இடத்தில் முடி முளைப்பது நின்றுபோனது, இன்றும் அங்கே வழுவழுவென்று இருக்கிறது. என் தம்பி தங்கராசு அப்போது சேலைத் தொட்டிலில் கிடந்தான். அந்தக் கல்லுக் கான் எந்தப் பக்கமாக வளைந்து போகிறது என்று அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

இரண்டு மழைக்காலம் கழித்து முதல் போகம் உருளைக்கிழங்கு போட்டோம். மண் கறுப்பாக, விரலில் எடுத்தால் கேக் மாதிரி உதிர்ந்தது.

பேர் வெட்டிய நாள்

அப்பா போனபிறகு காணி எனக்கும் என் வீட்டுக்காரர் முத்துசாமிக்கும் வந்தது. தங்கராசு பங்கு கேட்கவில்லை. அவனுக்கு மண் வேலை பிடிக்காது. கொஞ்சக் காலம் கொழும்பில் கடை வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தேயிலை பேக்டரியில் சேர்ந்தான். நன்றாகப் பேசுவான். பத்துப் பேரை உட்காரவைத்துப் பேசி முடிக்கக் கூடியவன். தொழிற்சங்கத்தில் தோட்டத் தலைவராக வந்தான். அவன் தலைவரானபோது சந்தோசப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

நான் அப்போது கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் மலைக்குப் போய், மாலையில் பாத்திக்கு வந்து, இரண்டையும் ஒன்றாக இழுக்க முடியவில்லை. ஒரு நாள் தோட்ட ஆபீசுக்குப் போய், என் பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்டிவிடச் சொன்னேன். பெரிய கிளாக்கர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சிட்டியா தெய்வான? வெட்டுன பேர மறுபடி எழுத மாட்டாங்க."

"யோசிச்சிட்டேங்க."

"தோட்டத்துல பொறந்து தோட்டத்துல பேரு இல்லாம இருக்கப் போறியா?"

"மரக்கறி போட்டு சாப்புடறேங்க ஐயா."

அடுத்த நாள் காலை பெரட்டு மணி அடித்தபோது நான் பாத்தியில் கரட் விதை தூவிக்கொண்டிருந்தேன். மேலே ரோட்டில் பெண்கள் கூடையோடு ஓடினார்கள். என் பேரைச் சொல்லி அதட்ட யாரும் இல்லை. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலை ஒன்று இருந்ததாக ஞாபகம் இல்லை. அதற்கான விலை பின்னால் வரும் என்பது அப்போது தெரியாது.

லீக்ஸ், கரட், கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸ், பீட்ரூட் என்று மாற்றி மாற்றிப் போட்டோம். அக்கரப்பத்தனை டவுனில் மரக்கறி மொத்தமாக எடுத்து வெளியே அனுப்பும் ஹனீபா நானா கடைக்கு மூட்டை போகும். ஓடைத் தண்ணீரில் கரட் கழுவுவது என் வேலை. கழுவி முடித்தால் விரல்கள் என் விரல்களாகவே இருக்காது, அடுப்புச் சாம்பலுக்குள் கையை விட்டால்தான் திரும்பி வரும். மகளை அந்தக் கரட்தான் படிக்கவைத்தது. அவள் இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள்.

ஒரு நாள் மத்தியானம் பாத்தி நடுவில் முத்துசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் தனியாகத்தான் செய்தேன்.

உரம் கிடைக்காத வருசத்தையும் தாண்டினேன். அந்த வருசம் இந்த மலைநாட்டில் மரக்கறி போட்ட எல்லோருக்கும் தெரியும். கோவா உள்ளங்கை அளவுக்கு மேல் உருளவில்லை, லீக்ஸ் தாள் மஞ்சளாகப் போனது. நான் மாட்டுப் பட்டி பட்டியாக அலைந்து சாணி சுமந்து வந்தேன். ஊரில் பாதிப் பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நகரத்துக்குப் போனார்கள். நான் போகவில்லை. கடைசியில் என்னைக் காணியை விட்டு இறக்கியது ஒரு தாள்தான்.

கிராம சேவகர் வாசித்தது

மகளுக்கு வதிவிடச் சான்று ஒன்று தேவைப்பட்டது. அதற்காகக் கிராம சேவகர் ஆபீசுக்குப் போயிருந்தேன். அங்கே இருந்தவர் சிங்களப் பெண்மணி, என்னிடம் பல தடவை லீக்ஸ் வாங்கியவர். சான்றை எழுதிக் கொடுத்துவிட்டு, போக எழுந்த என்னை உட்காரச் சொன்னார்.

"உங்கள் தோட்டம் அந்தப் பள்ளத்து ஓடைப் பக்கம்தானே?"

"ஆமாங்க."

மேசையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வாசித்தார். தோட்டத் தொழிலாளர் இருபது குடும்பத்துக்கு வீடு கட்ட அந்த இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. காணியின் தற்போதைய நிலை என்ற இடத்தில், 'புல் நிலம், யாரும் பயிர் செய்யவில்லை' என்று எழுதியிருந்தது.

"நான் போன மாதம் வந்தபோது அங்கே லீக்ஸ் இருந்ததே" என்றார். அவர் முகம் சரியாக இல்லை.

"யாருங்க அப்புடி எழுதுனது?"

எழுதியது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. உண்மைதான் என்று சாட்சிக்குக் கையெழுத்துப் போட்டவரின் பேர் இருந்தது. தாளை என் பக்கம் திருப்பினார். எனக்குச் சிங்களம் வாசிக்க வராது. ஆனால் கையெழுத்து தமிழில் இருந்தது. அந்தத் 'த'வின் வாலைச் சுழித்துவிடும் பழக்கம் அவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு.

நேராகத் தங்கராசுவின் காம்பராவுக்குப் போனேன். லயத்தில் அவனுக்கு ஒரு அறையும் முன்னால் ஒரு ஒதுக்கும்தான். மழை ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருந்தது. அவன் மனைவி ரஞ்சனி என்னைக் கண்டதும் பலகையைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"அந்தக் காணியில யாரும் பயிர் பண்ணலேன்னு கையெழுத்து வச்சியா?"

அவன் மறுக்கவில்லை. அவன் பொய் சொல்லவில்லை, அதை நான் இன்றும் அவனுக்கு நல்ல கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

"வச்சேன்க்கா. தேயிலையப் புடுங்கிட்டு எடம் குடுக்க மாட்டாங்க. சும்மா கெடக்குற நெலம்னாத்தான் குடுப்பாங்க. அது ஒண்ணுதான் இருந்துச்சு. இருவது குடும்பம்க்கா. இந்தக் கூரையப் பாரு."

"எனக்கு வீடு உண்டா அதுல?"

"ஒம்பேரையும் போட்டேன். தொழிலாளி பதிவுல இல்லேன்னு வெட்டிட்டாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல தங்கராசு?"

"சொல்லியிருந்தா விட்டுக் குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதாங்க்கா சொல்லல."

ரஞ்சனி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். வாளியில் சொட்டு விழும் சத்தம் கேட்டது.

மறுநாள் தோட்ட ஆபீசுக்குப் போனேன். துரை சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். இது தோட்டத்து நிலம், உங்களுக்கு யார் கொடுத்தது என்று கேட்டார். அப்பா சேற்றை வெட்டி எடுத்தது என்றேன். அப்பாவுக்கு யார் கொடுத்தது என்றார். பழைய துரை என்றேன். எழுத்தில் இருக்கிறதா என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

நான் சொன்ன ஒரு சொல்

இப்போது எழுதப் போவதை என் மகள் எழுத வேண்டாம் என்றாள். வாழ்க்கையை எழுத வந்துவிட்டு, எனக்கு நல்ல பேர் வருவதை மட்டும் எழுதினால் அது எதற்கு?

ஒரு வாரம் கழித்து இடம் அளக்க ஒரு டெக்னிக்கல் அதிகாரி வந்தார். சிங்களப் பையன், மீசைகூட ஒழுங்காக வளரவில்லை. சப்பாத்தில் சேறு படாமல் வரப்பில் நடந்தார். லீக்சைப் பார்த்துக் கொஞ்சம் சங்கடப்பட்டார். ஆனால் அவர் வேலை அளப்பது, அளந்தார். நான் களை எடுத்துக்கொண்டிருந்தேன். தங்கராசு நாடாவின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றான்.

அதிகாரி மேட்டு மூலைக்கு வந்து மண்ணைக் காலால் தட்டினார். "அம்மா, மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் நிற்குமா? ஊற்று ஏதும் உண்டா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அவர் நின்ற இடத்துக்கு நாலு அடி தள்ளித்தான் அந்தப் பாறை. அவர் காலுக்கு அடியில் அப்பாவின் கான் ஓடிக்கொண்டிருந்தது. அஸ்திவாரம் வெட்டினால் அந்தக் கல் வரிசை உடையும். உடைந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

"நே" என்றேன். சிங்களத்தில் இல்லை என்று அர்த்தம்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். நான் களைச் செடியைப் பிடுங்கி வேரிலிருந்த மண்ணை உதறினேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

பத்து மணி வரைக்கும்

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

நான் ஒருத்தி எவ்வளவு பிடுங்குவேன்? பெருவிரல் தடிப்புக்கூட வராத லீக்ஸ். இழுத்தால் வேர் அறுந்து வந்தது, பச்சை வாசனை மூக்கில் ஏறிக் கண் எரிந்தது. முக்கால் பாத்தி முடிவதற்குள் மேலே ரோட்டில் ஒரு லொறி வந்து நின்றது. ஹனீபா நானா இறங்கி வந்தார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கூடவே கடையில் மூட்டை தூக்கும் மூன்று பேர்.

"நானா, இது விக்காது. பிஞ்சு."

"விக்க வரல தங்கச்சி. மண்ணுக்குள்ள போறதுக்கு மனுசன் வாயிக்குள்ள போகட்டும். புடுங்குங்கடா."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கினார். சர்க்கரை வியாதிக்காரர், குனிந்தால் மூச்சு வாங்கும். நாங்கள் ஐந்து பேரும் பிடுங்கினோம். வரப்பில் லயத்து ஆட்கள் வந்து நின்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அங்கே வீடு வரப்போகிறது. யாரும் இறங்கவும் இல்லை, போகவும் இல்லை. பிறகு ரஞ்சனி மட்டும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினாள். என் பக்கத்துப் பாத்தியில் குனிந்து பிடுங்கத் தொடங்கினாள். தங்கராசு அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை.

பத்து மணி தாண்டி டிரைவரின் ஃபோன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை எடுத்துப் பேசிவிட்டு, என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

பாதிக் காணிதான் முடிந்திருந்தது. மிச்சப் பாதியில் பெக்கோ இறங்கியது. அந்தக் கறுப்பு மண்ணை வாளி வாளியாக அள்ளி ஓடைக் கரையில் கொட்டியது. லீக்ஸ் தாள்கள் மண்ணோடு சேர்ந்து தலைகீழாக விழுந்தன. அந்த மண் அவ்வளவு ஆழத்துக்குக் கறுப்பாக இருந்ததை அன்றுதான் நானும் பார்த்தேன். வெட்டிப்போட்ட பக்கச் சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்பு, அதற்குக் கீழேதான் பழைய சாம்பல் களிமண். அந்த இடுப்பளவும் நாங்கள் போட்டது.

நானா பிஞ்சு லீக்சை டவுனில் கோயில் மடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் கொடுத்தாராம். எனக்கு ஒரு கட்டு அனுப்பினார். நான் சமைக்கவில்லை.

சமையல்கட்டு மூலை

வீடுகள் எழும்பின. ஒரு வருசத்துக்கு மேல் இழுத்து, பெயின்ட் அடித்து, ரிப்பன் கட்டிக் கொடுத்தார்கள். தங்கராசுவுக்கு மேட்டு மூலை வீடு விழுந்தது. குலுக்கலில்தான் விழுந்தது, நான் ஒன்றும் செய்யவில்லை. அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஏற்பட்டதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. சந்தோசம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

பால் காய்ச்ச என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

மழை பிடித்தது. முதலில் தரையில் ஈரம், பிறகு சுவரில் பூஞ்சை. மூன்றாவது மாதம் சமையல்கட்டு மூலையில் தண்ணீர் கொப்பளித்தது. சிமெந்து பூசினார்கள், அது பக்கத்து அறையில் கிளம்பியது. வரிசையாக ஐந்தாறு வீட்டுக்கு அது பரவியது. நான் என் லயத்து வாசலில் உட்கார்ந்து, அவர்கள் வாளியால் மொண்டு ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது.

ரஞ்சனிக்கு நெஞ்சுச் சளி கட்டி நியுமோனியா ஆகி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் தள்ளிப்போட்டேன், இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் பஸ் ஏறினேன்.

அவள் வார்டில் சுவரோரக் கட்டிலில் கிடந்தாள். மூக்கில் குழாய். கையைத் தொட்டேன், சுட்டது. பாத்தியில் இறங்கி எனக்காக லீக்ஸ் பிடுங்கிய கை.

"மதினி" என்றாள். மூச்சு விட்டு விட்டுப் பேசினாள். "அங்க ரொம்ப ஊறுது மதினி. பாய எங்க போட்டாலும் நனையுது. நீங்க பயிர் பண்ணுறப்ப இப்புடி ஊறுனிச்சா?"

அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளத்துக்குப் போனேன்.

தங்கராசு வாசலில் நின்றான். நாங்கள் பேசி இரண்டு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது. தலை நரைத்திருந்தது.

"வீட்டுக்குப் பின்னால வெட்டணும். ஆள் கூட்டிட்டு வா" என்றேன். "அந்தப் பாறைக்கு அடியில ஊத்து இருக்கு. அப்பா அதுக்குக் கல்லுக் கான் கட்டியிருந்தாரு. நீங்க அஸ்திவாரம் வெட்டுனப்ப ஒடஞ்சு போச்சு."

அவன் என்னையே பார்த்தான்.

"ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"அளக்க வந்தவன் கேட்டான்ல. நான் நாடா புடிச்சிட்டு நின்னேனே. கேட்டது காதுல விழுந்துச்சு."

"இல்லேன்னு சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

அடிப்பானோ என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவன் வாசற்படியில் உட்கார்ந்தான்.

"நானும் தெரிஞ்சேதான கையெழுத்து வச்சேன்" என்றான்.

அவன் உள்ளே போய் ஒரு மண்வெட்டியை எடுத்து வந்தான். அந்த வரிசை வீட்டு ஆண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். வீடுகளைச் சுற்றி வளைத்து, ஓடை வரைக்கும் புதுக் கான் வெட்ட நான்கு நாள் ஆனது. எங்கே வெட்ட வேண்டும், எவ்வளவு சரிவு வேண்டும் என்று நான் காட்டினேன். எல்லோரும் என் பேச்சைக் கேட்டார்கள். அந்தக் காணியில் நான் சொன்னதை மற்றவர்கள் கேட்டது அந்த நான்கு நாள் மட்டும்தான்.

தண்ணீர் வடிந்தது, முழுதாக இல்லை. சுவரின் ஈரம் இன்னும் போகவில்லை. ரஞ்சனி வீட்டுக்கு வந்துவிட்டாள், ஆனால் மேட்டில் ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறாள். நெஞ்சில் தழும்பு விழுந்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். அவளிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. இந்த வாரம் யாராவது இதை அவளுக்கு வாசித்துக் காட்டுவார்கள். அதற்காகவும்தான் எழுதினேன்.

தங்கராசுவும் நானும் இப்போது பேசிக்கொள்கிறோம். மழையைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி. வேறு எதையும் இருவரும் தொடுவதில்லை.

கூடாரத்துக்குள்

இந்த வயதில் கை சும்மா இருக்க மறுக்கிறது. போன மாதம் முதல் நுவரெலியாப் பக்கம் ஒரு மரக்கறிப் பண்ணைக்கு நாள் கூலிக்குப் போகிறேன். பொலித்தீன் கூடாரத்துக்குள் எல்லாம் வரிசையாக வளர்கிறது. பண்ணையைப் பார்த்துக்கொள்கிற பையன் படித்தவர். சிங்களத்திலும் உடைந்த தமிழிலும் பேசுவார். ஆட்களை அதட்ட மாட்டார், மத்தியானம் தேத்தண்ணி தருவார்.

முதல் நாள் எங்களை வரிசையாக நிற்கவைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து ஒரு லீக்ஸ் நாற்றை எடுத்துக் காட்டினார். வேர் மடங்காமல் எப்படி இறக்குவது, எத்தனை விரல் இடைவெளி விடுவது, மண்ணை எவ்வளவு அழுத்துவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஆழம் கொஞ்சம் போதாது என்று எனக்குப் பட்டது. சொல்லவில்லை.

எல்லோரையும் நடச் சொல்லிவிட்டு வரிசையோடு பார்த்துக்கொண்டு வந்தவர், நான் நட்ட இடத்தில் நின்றார். இரண்டு மூன்று நாற்றைத் தொட்டு அசைத்துப் பார்த்தார். ஒன்றும் ஆடவில்லை.

"அம்மா இதுக்கு முன்ன இந்த வேல செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"கொஞ்சம்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.